வெள்ளிக்கிழமை போணி

7.2.2025, வெள்ளி
ஷட்டரை முழுதாகத் தூக்கக்கூட இல்லை, ஃபோனில் ஆள். ஆன்லைனில் என் விளம்பரம் பார்த்தானாம், ஐயாயிரம் ரூபாய் கிஃப்ட் கார்டு இரண்டு வேண்டும். பெயர் பிரவீன்ராஜ் என்றான். க்யூஆர் அனுப்பினேன். தள்ளுபடி போக ஒன்பதாயிரத்து ஐநூறு வந்தது, அக்னஸ் என்ற பெயரில். கேட்டால், அக்கா என்றான். பெயர் மாறினால் விற்பதில்லை என்பது நானே வைத்த சட்டம். ஆனால் வெள்ளிக்கிழமை போணியைத் திருப்பினால் வாரம் முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். கார்டு நம்பரைச் சுரண்டிப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

10.2, திங்கள்
மகள் ஜெஸிமாவின் நர்சிங் பரீட்சைக் கட்டணம், வெள்ளிக்குள் கட்ட வேண்டும். பணம் போகவில்லை. கணக்கை முடக்கியிருக்கிறார்களாம், சைபர் கிரைமில் அக்னஸ் கொடுத்த புகார்! இருபத்தாறு வருஷமா பாலக்கரையில கடை வச்சிருக்கேன் — நான் திருடனா?

புகார் கொடுத்தவர் சமாதானமானால் சீக்கிரம் திறக்கலாம் என்றார்கள் பேங்கில். பணம் வந்த நம்பருக்கே பேசினேன். அக்னஸ்தான் எடுத்தார், நாளை வீட்டுக்கு வரச் சொன்னார்.

11.2, செவ்வாய்
கைலாசபுரம் போனேன். அக்னஸ் அம்மா தனியாக இருப்பவர். பழைய ஃப்ரிட்ஜ் விற்பதாகச் சொல்லி, என் க்யூஆரை அவருக்கு அனுப்பியிருக்கிறான் அதே பிரவீன்ராஜ். அவருக்கு ஃப்ரிட்ஜ் வரவில்லை, என்னிடம் கார்டு இல்லை. அவன் ஃபோன் அணைந்து கிடக்கிறது.

பாதி தருகிறேன் என்றேன். அவர் கத்தவில்லை.

"உங்க கார்டு அவன்கிட்ட போச்சு. என் பணம் உங்ககிட்டதானே வந்துச்சு?"

12.2, புதன்
கல்லாவில் மொத்தமே ஒன்பதாயிரத்து எழுநூறு. கட்டணம் ஒன்பதாயிரம். அக்னஸ் அம்மாவுக்குக் கொடுத்தால் கட்டணத்துக்கு இல்லை. கட்டணம் கட்டினால் கணக்கு திறக்காது. மனைவி ஷரபுன்னிசாவிடம் கேட்டேன்.

"ஹராமான காசை வச்சுக்கிட்டு புள்ளைய படிக்க வைக்கணுமாங்க?"

எப்படி ஹராம்? கார்டைக் கொடுத்துத்தானே வாங்கினேன்! கோபம் அவள்மேல் இல்லை. போணி போணி என்று பறந்தேனே, என்மேல்தான்.

13.2, வியாழன்
முழுதாகக் கொடுத்துவிட்டேன். அக்னஸ் அம்மா என்னோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, புகாரை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ் டிக்கெட்டை அவரே எடுத்தார்.

14.2, வெள்ளி
மாலை ஐந்து மணி. கணக்கு திறக்கவில்லை. தேதி போய்விட்டது. "பரவால்ல அத்தா" என்றாள் ஜெஸிமா. சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

18.2, செவ்வாய்
திறந்தது. அபராதத்தோடு கட்டியாயிற்று. பரீட்சை எழுதலாம். அல்ஹம்துலில்லாஹ்.

21.2, வெள்ளி
கடை திறந்ததும் ஒரு பெண் பேசினாள். தம்பி பிறந்தநாளுக்கு ஐநூறு ரூபாய் கார்டு. தன் பெயர் சுராயா என்றாள், பணம் நஸ்ருல்லா என்று வந்தது.

"எங்க அத்தா ஃபோன்லேருந்து அனுப்பினேங்க."

பொய் சொல்கிற குரல் இல்லை. ஜெஸிமா குரல் மாதிரியே இருந்தது. பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

கடை மூடும்வரை வேறு யாரும் வரவில்லை.