ஏழு டிகிரி முன்னால்

மார்ச் 4

மூன்றாவது பிஸ்டன் போய்விட்டது. போன இன்ஜினிலும் இதே மூன்றாவதுதான். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வைத்துவிட்டு நானும் மச்சினன் நெட்டையனும் பட்டறைத் தரையில் ஆளுக்கொரு பக்கம் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிஸ்டனின் ஓரம் எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. பிளக் நுனியில் அலுமினியம் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது.

"டைமிங் அதிகம் மாமா" என்றான்.

"பிஸ்டன் ரிங்குக்கு இடைவெளி கம்மி" என்றேன்.

இன்ஜினைப் பூட்டுவது அவன் வேலை. லேப்டாப்பில் உட்கார்ந்து, ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்று வைப்பது என் வேலை. அப்படியானால் இது அவன் ரிங்கா, என் ஸ்பார்க்கா? பெண்டாட்டியின் தம்பியோடு கூட்டு வேண்டாம் என்று எத்தனை பேர் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். கேட்டேனா?

மார்ச் 5

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து டர்போ மாட்டிய காரை மூலைக்குத் தள்ள வேண்டும். பிரேக் பிடிக்க உள்ளே ஏறினால் வழக்கம்போல சீட் கடைசிப் பல்லில். அவன் கால் நீளத்துக்கு அது சரி; எனக்குப் பெடல் எட்டவில்லை. நாலு வருஷமாக இதே ரோதனை.

மார்ச் 9, ஞாயிறு

மதியச் சாப்பாட்டில் வெடித்தது.

"அக்கா, உன் புருஷன் டைமிங் வெச்சா இன்ஜின் சாவுது. ரெண்டாச்சு. மூணாவதுக்கு நான் இல்ல."

"ரிங் போடத் துப்பில்லாதவனுக்கு வாய் மட்டும் நீளம்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "பேசாம டயருக்குக் காத்தடிக்கப் போடா" என்றும் சொன்னேன்.

அவன் தட்டைத் தள்ளினான். இவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அவரு அளந்து பாக்காம ஒரு திருகாணியக்கூடத் தொட மாட்டாரு. அவரைக் குத்தம் சொல்றதா இருந்தா நீ இந்த வீட்டுக்கே வராத."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். நிலைப்படி இடிக்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும். குளிர்ந்தது.

மார்ச் 10

ஸ்பேனர் பெட்டியை எடுத்துப் போய்விட்டான். பட்டறைச் சாவி கதவிடுக்கில் இருந்தது.

மார்ச் 23

யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

டர்போ காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிறது. அப்படித் திணித்த காற்றில் நெருப்பு சட்டென்று பரவும். அதனால் அந்த அழுத்தம், பூஸ்ட், ஏற ஏற ஸ்பார்க்கைத் தாமதப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே வெடிப்பு அதன் மண்டையில் இறங்கும். இன்ஜின் தட்டும். தட்டத் தட்ட உடையும்.

நான் தாமதப்படுத்தியிருக்கிறேனே! பூஸ்ட் இல்லாதபோது, பிஸ்டன் உச்சியைத் தொட முப்பத்திரண்டு டிகிரி இருக்கும்போது ஸ்பார்க். முழு பூஸ்டில் வெறும் பதினெட்டு. யாரிடம் காட்டினாலும் பயந்தாங்கொள்ளி டைமிங் என்று சிரிப்பார்கள். லேப்டாப்பில் பத்து என்று வைத்து, ஸ்பார்க் விழும் கணத்தில் மட்டும் மின்னும் டைமிங் லைட்டும் அடித்துப் பார்த்தேன். இன்ஜின் முகப்பில் சுற்றும் புல்லியின் குறி பத்தில் ஆணி அடித்தாற்போல நின்றது. பிறகு எப்படி என் தப்பாகும்?

ஏப்ரல் 6

நானே பூட்டினேன். ரிங் இடைவெளியை அவன் வைத்ததைவிடத் தாராளமாக வைத்தேன். இன்ஜினைக் காருக்குள் இறக்க இன்னொரு ஆள் வேண்டும். பக்கத்துக் கடை வெல்டரைக் கூப்பிட்டேன்.

"எங்க உங்க மச்சினன்?"

"வெளியூர்" என்றேன். பொய்.

வீட்டில் இவள் அவன் பேச்சையே எடுப்பதில்லை. போன் அடித்தால் மட்டும் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறாள்.

ஏப்ரல் 19

முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டினேன். சீட்டை முன்னால் இழுத்திருக்கலாம். கை போகவில்லை.

பாதி பூஸ்ட்தான். இன்ஜினில் மைக் மாட்டி ஹெட்போனில் கேட்டால் — டக். டக்டக். டப்பாவில் சரளைக்கல் குலுக்குகிற சத்தம். ஸ்பார்க்கை இரண்டு டிகிரி தாமதப்படுத்தினேன். தட்டியது. இன்னும் இரண்டு. தட்டியது. ஏழு டிகிரி போனபிறகுதான் அடங்கியது.

இவ்வளவு தாமதத்துக்கு வண்டி சோர்ந்துபோக வேண்டும். ஆனால் முன்னைவிட நன்றாக இழுக்கிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 20

இந்த முறை ரிங் போட்டது நான். பூட்டியது நான். திட்ட ஆளில்லை.

பழைய இரும்புக் கடையிலிருந்து அந்தப் புல்லியை நான் வாங்கிவந்த அன்றைக்கு அவன் கேட்டான்: "பழைய புல்லி மாமா. பிஸ்டன் உச்சி எங்க வருதுன்னு ஒரு தடவை உள்ளேயே பாத்துக்கலாமா?"

"கண்ணு முன்னாடி குறி நிக்குது, உனக்கு ஜோசியம் வேற பாக்கணுமா?"

சிரித்தோம். இரண்டு பேரும்தான் சிரித்தோம்.

ஏப்ரல் 21

பார்த்துவிட்டேன்.

முதல் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் பிஸ்டனுக்குத் தடையாக ஒரு போல்ட்டைத் திருகினேன். இன்ஜினைக் கையால் வலப்பக்கம் சுற்றி, இடித்த இடத்தில் புல்லியில் ஒரு கோடு. இடப்பக்கம் சுற்றி, இடித்த இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நட்டநடுவில்தான் உண்மையான உச்சி. குறி அங்கே இல்லை. ஏழு டிகிரி தள்ளி நிற்கிறது.

அந்தப் புல்லி இரண்டு வளையம், நடுவில் ரப்பர். குறி இருப்பது வெளி வளையத்தில். ரப்பர் மக்கி, வெளி வளையம் முன்னால் நழுவியிருக்கிறது. அந்தக் குறியை நம்பித்தான் லேப்டாப்பையும் பொருத்தியிருந்தேன். லைட்டில் பத்து என்று நான் பார்த்தபோதெல்லாம் உள்ளே பதினேழு. பயந்தாங்கொள்ளிப் பதினெட்டு உண்மையில் இருபத்தைந்து.

ரெண்டு இன்ஜினையும் கொன்னது நான்தான். அவன் ரிங்கு இல்ல. நான். அளந்து பாக்காம தொட மாட்டாருன்னு சொன்னாளே — அதைச் சொல்லித்தானே கூடப் பொறந்தவன வெளிய அனுப்புனா!

ஏப்ரல் 22

சொல்லவில்லை. புதுப் புல்லி மாட்டிவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. இப்படி யோசிக்கிற ஆளா நான்? ஆமாம், இன்றைக்கு முழுக்க இப்படித்தான் யோசித்தேன்.

ஏப்ரல் 24

சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி சொன்னதுதான் சரி. டைமிங்தான்."

மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "நீங்க அளந்து பாக்கலையா?"

"குறியைத்தான் பாத்தேன்."

"அளந்து பாக்காம தொட மாட்டாருன்னு அவன்கிட்ட சொன்னேனே."

அவ்வளவுதான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 25

இவள்தான் போன் போட்டாள். "நான் தப்பா பேசிட்டேன்டா. வீட்டுக்கு வா" என்று அழுதாள். "பரவால்லக்கா, விடு" என்கிறான். நான் போனை வாங்கிப் புல்லி விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தனை டிகிரி?"

"ஏழு."

"முன்னாலயா?"

"முன்னால."

பின்னால் ஏதோ லாரி உறுமியது. "எனக்கு நிஜமாவே ரிங் போடத் தெரியலையோன்னு நெனச்சுட்டேன் மாமா. நானே நம்பிட்டேன். இங்க வெளியூர்ல லாரி ஷெட்டுல டயர் மாத்துறேன். இன்ஜின் பக்கமே போறதில்ல."

"வந்துடுடா. காரு உன்னுதுந்தான்."

"வேணாம் மாமா. டயர் நட்டையே மூணு தடவை கழட்டிப் பூட்டுறேன். நீங்களே வெச்சுக்குங்க."

கோபமே இல்லை குரலில். இருந்திருந்தால் போய்க் காலில் விழுந்தாவது கூட்டி வந்திருப்பேன். இதற்கு நான் என்ன செய்ய?

மே 3

வரவில்லை. இவள் இரண்டு தடவை அழைத்தாள். "வேலை இருக்குக்கா."

மே 11, ஞாயிறு

புதுப் புல்லி. உச்சியை மறுபடி அளந்து, மூன்று தடவை அளந்து, வெள்ளைப் பெயின்டில் குறி போட்டேன். லைட் அடிக்க ஒருவர், உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டர் மிதிக்க ஒருவர் வேண்டும். எப்போதும் அவன்தான் மிதிப்பான்.

இவள் தானாகவே பட்டறைக்கு வந்தாள். "நான் மிதிக்கிறேன். எப்படின்னு சொல்லுங்க."

ஏறி உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை.

"தலையணை இருக்கு" என்றேன்.

"வேணாம்."

குனிந்து அடியிலிருந்த கம்பியைத் தூக்கினாள். அவன் காலுக்கென்று வைத்து, நாலு வருஷமாக நகராத சீட். துருப்பிடித்து முரண்டு செய்தது. பலம்கொண்ட மட்டும் முன்னால் இழுத்தாள். ஒவ்வொரு பல்லாகக் கேட்டது, முதல் பல் வரைக்கும்.

"எவ்வளவு?"

"மூவாயிரம் சுத்து."

முள் ஆடாமல் பிடித்தாள். வெள்ளைக் கோடு பத்தில் நின்றது. இது உண்மையான பத்து.

"சரியா இருக்கா?" உள்ளேயிருந்து கேட்டாள்.

"சரியா இருக்கு."

காலை எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் எடுக்கவில்லை.