ஹீனாவுக்கு ஒரு விரல், எனக்கு இரண்டு

மார்ச் 3, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹீனாவின் போனுக்கு மெசேஜ் வந்தது. நோன்பு என்பதால் அவள் சாப்பிடாமல் என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். “பென்ஷன் வந்துட்ச்சு பூர்ணிமா” என்றாள், சாதாரணமாக.

இந்த ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் ஒரே கட்டிங் பிரஸ்ஸில்தான் எங்கள் இருவருக்கும் கை மாட்டியது. எனக்குப் போன வருடம் பிப்ரவரியில், அவளுக்கு ஜூனில். அவளுக்குப் போனது ஆள்காட்டி விரல் மட்டும். எனக்கு நடுவிரலும் சேர்த்து இரண்டு. அவளுக்கு இ.எஸ்.ஐ.யிலிருந்து மாதாமாதம் வருகிறது, ஆயுசுக்கும். எனக்கு மூன்று மாத லீவுக்கு ஏதோ கொடுத்தார்கள், அதோடு சரி.

“நல்லது” என்றேன். பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினேன்.

மார்ச் 5, புதன்

அவள் விரல் என்ன தங்கமா?

மார்ச் 10, திங்கள்

அரை நாள் லீவு போட்டு இ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்: “உங்களுது வீட்ல நடந்ததுன்னு இருக்கும்மா. கிரைண்டர்ல கை மாட்டிச்சுன்னு. அதுக்கு உடம்பு சரியில்லாத லீவுப் பணம்தான். வேலைல அடிபட்டாதான் பென்ஷன். கம்பெனி விபத்து ரிப்போர்ட் அனுப்பணும், அப்புறம் மெடிக்கல் போர்டு பாக்கணும்.”

கிரைண்டர் என்று சொன்னது நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில் சூப்பர்வைசர் தானியேல் சார் சொல்லிக்கொண்டே வந்தார்: “பிரஸ்னு சொன்னா கேஸு, விசாரணைன்னு பேஜார்மா. வீட்லன்னு சொல்லிடு. கம்பெனி உன்ன கைவிடாது.” மறுநாள் படுக்கைக்கே பேப்பர் வந்தது. இடது கையால் கையெழுத்து போட்டேன்.

ஹீனாவிடமும் அதே பேப்பரை நீட்டியிருப்பார்தானே? அவள் மட்டும் எப்படி—

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அந்தப் பொண்ணு விவரமானது. நீயும் இருக்கியே” என்று சிரித்தார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

நேற்று ரம்ஜான். ஹீனா இன்று ஊதா நிறத்தில் புதுச் சுடிதார் போட்டு வந்தாள். லைனில் எல்லோருக்கும் சேமியா பாயசம் கொண்டுவந்திருந்தாள். எனக்கு மட்டும் தனி டப்பா. “உனக்கு முந்திரி ஜாஸ்தி போட்டேன்.”

தின்றேன். வீட்டுக்கு வந்து இ.எஸ்.ஐ. ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதினேன்.

பெயர் போடவில்லை. ஹீனாவுக்கு நடந்தது விபத்து இல்லை, பையனுக்கு ஜுரம் என்று போனில் பேசிக்கொண்டே கையை விட்டாள், அவளுக்கு எதற்கு பென்ஷன் என்று எழுதினேன். அவள் போன் பேசியது காலையில். கை மாட்டியது மூன்று மணிக்கு. எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். மனசு லேசாக இருந்தது. என்ன மனசோ.

ஏப்ரல் 24, வியாழன்



இ.எஸ்.ஐ.யிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். ஹீனாவை பிரஸ் பக்கத்தில் நிறுத்தி, எங்கள் எல்லோர் முன்னாலும் லெட்டரை வாசித்தார். பையனுக்கு ஜுரம் என்ற இடம் வந்தபோது ஹீனா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என்னை மட்டும்.

ஆபீசர் மிஷினைச் சுற்றி வந்தார். கை உள்ளே போகாமலிருக்க இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பட்டன்களில் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். வேலை வேகமாக ஓட வேண்டும் என்று எப்போதோ ஒட்டியது. அதைக் கிழித்துப் பார்த்துவிட்டு, “போன் பேசியிருந்தாலும் வேலை நேரத்துல மிஷின்ல அடிபட்டா அது விபத்துதான். இது எதுக்கு ஒட்டியிருக்கீங்க?” என்றார்.

“இதுல வேற யாருக்காவது அடிபட்டுச்சா?”

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். நானும்தான்.

ஹீனா சொன்னாள்: “பூர்ணிமாவுக்கு, சார். போன வருஷம். நான் பக்கத்து மிஷின்ல இருந்தேன். இவ மயங்கிட்டா. ரெண்டு விரலையும் நான்தான் எடுத்து கவர்ல போட்டுக் குடுத்தேன்.”

இது எனக்குத் தெரியாது. இத்தனை நாள் அவள் சொன்னதே இல்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

கை கழுவும் இடத்தில் அவளே வந்தாள்.

“பையனுக்கு ஜுரம்னு அன்னைக்கு உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தானியேல் சார் எனக்கும் பேப்பர் நீட்னாரு. உனக்கு நடந்தத பாத்துட்டுதான் நான் கையெழுத்து போடல. உன்னாலதான் எனக்கு பென்ஷன்னு எங்க வீட்ல சொல்லுவேன், தெரியுமா?”

“ஹீனா, நான்...”

“சாட்சி எங்க கேட்டாலும் வந்து சொல்றேன். நடந்தது நடந்ததுதான். ஆனா என்கிட்ட பேசாத.”

மே 12, திங்கள்

இ.எஸ்.ஐ. ஆபீசில் வாக்குமூலம் கொடுத்தேன். கிரைண்டர் என்று ஏன் சொன்னேன், ஏன் இவ்வளவு நாள் பேசவில்லை, எல்லாம் எழுதித் தரச் சொன்னார்கள். பயம் என்று எழுதினேன். உண்மைதான். வெளியே தானியேல் சார், “நீயே கையெழுத்து போட்டுட்டு இப்ப என்ன மாட்டி வுடுறியே” என்றார். பாவமாகக்கூட இருந்தது. ஆனால் பேனாவை நீட்டியது யார்?

ஹீனா எனக்கு முன்னாலேயே சாட்சி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். வாசலில் என்னைக் கடந்து போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நிமிர்ந்து நடந்த நடை மேலும் எனக்குப் பொறாமைதான். காசு மேல் இருந்ததைவிட ஜாஸ்தி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வேலூரில் மெடிக்கல் போர்டு. டாக்டர்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பேனா பிடிக்கச் சொன்னார்கள், டம்ளர் எடுக்கச் சொன்னார்கள். டம்ளர் நழுவியது. ஐந்து நிமிஷம்கூட இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

ஆர்டர் வந்தது. ஊனம் இருபது சதவீதம், அதற்கேற்ற பென்ஷன். ஹீனாவுக்குப் பதினாலு. அவளைவிட எனக்கு ஜாஸ்தி. இதற்குத்தானே கிடந்து துடித்தேன்? பேப்பரை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

ஷிப்ட் முடிந்து கேட்டருகே நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஹீனாவின் குரல்.

“ஜனவரில உயிரோட இருக்கோம்னு ஒரு ஃபார்ம் குடுக்கணும். இல்லன்னா பென்ஷன் நின்னுடும். உனக்கு யாராவது சொன்னாங்களா?”

எட்டு மாதம் கழித்துப் பேசுகிறாள். “இல்ல” என்றேன்.

“வெள்ளிக்கிழம நான் போறேன்.” துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டடி நடந்தவள் நின்றாள். “ஒம்பதரை பஸ்.”

வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. திரும்ப உள்ளே போய் வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.