வெடிக்காத மூன்று காய்கள்

என்னைத் திட்டுவதற்கென்றே பிறந்த என் செல்ல அத்தைக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. இதற்குள் எலெக்‌ஷன் வந்து போய்விட்டது. உன் சன்னலுக்குக் கீழே சுவரில் இரண்டு கட்சிக்காரர்களும் மாறி மாறிச் சின்னம் வரைந்துவிட்டார்கள். அதில் ஒன்று மாடா நாயா என்று அப்பாவுக்கே சந்தேகம். ஆனால் அதைப் பார்த்து ஊரே படம் என்கிறது. நாற்பது வருடமாக நீ செய்ததைப் படம் என்று சொல்லத்தான் இந்தச் செங்கல்பட்டில் ஒரு வாய் இல்லை.

போன வாரம் வரைக்கும் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகையில் இதைப் போடப் போகிறேன். ஊரும் ஒட்டுக் கேட்கட்டும்.

உன்னைத் தெரியாதவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். நீ பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். சனிக்கிழமை ஆனால் துணிப்பையோடு மகாபலிபுரம் பஸ் ஏறிவிடுவாய். கடல் ஒதுக்கிய சிப்பி, பாசி, பனைமரத்துப் பன்னாடை, வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்கிப் பொறுக்கிய கழுகு இறகு எல்லாம் அந்தப் பைக்குள் வரும். தானாக உதிர்ந்ததைத் தவிர எதையும் தொடமாட்டாய். புளியங்கொட்டைப் பசை காய்ச்சி அவற்றைப் பலகையில் ஒட்டுவாய். வேப்பம்பட்டை கோயிலாகும், பன்னாடை வலையாகும். சாயம் ஒரு சொட்டு கிடையாது.

ஊசியும் கிடையாது. "ஊசி எனக்குச் சோறு போடுது. படத்துக்குள்ள அது வரக் கூடாதுடி. வந்துச்சின்னா கைவேலைன்னுடுவானுங்க" என்பாய்.

வராமலே அப்படித்தானே சொன்னார்கள். வருடா வருடம் ஏரிக்கரைப் பொருட்காட்சிக்கு ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு போவாய். ஓவியக் கொட்டகையில் இடமில்லை என்று, கைவேலைக் கொட்டகையில் உல்லன் கிளிக்கும் பாசிமணி மானுக்கும் நடுவில் வைப்பார்கள். நீ அன்றைக்கே படத்தைத் திருப்பி எடுத்து வந்துவிடுவாய். அடுத்த வருடம் மறுபடியும் போவாய்.

இந்த வருடம் நீ இல்லை. அதனால் நான் போனேன்.

உன் கடைசிப் படத்தை, அந்தப் பழைய கதவுப் பலகையை, நானும் அப்பாவும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். கீழே கடல், கரை மணலில் கோயில், மேலே முழுக்க வேலியோரம் உதிரும் டப்பாசுக்காயால் ஆன மேகம். பின்பக்கம் பென்சிலில் 'மழை, இன்னும் வரவில்லை' என்று எழுதியிருந்தாய்.

பொருட்காட்சிச் செயலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"படம் சார்."

"படம்னா பெயிண்ட் எங்க கீது?"

"கடல்ல பெயிண்ட் ஒதுங்கல சார். ஒதுங்கினதைத்தான் அத்த எடுத்தாங்க."

அப்பா என் காலை மிதித்தார். செயலாளர் குனிந்து மேகத்தின் மேல் விரலை ஓட்டினார். அவர் முகம் மலர்ந்தது.

"தெச்சிக்கீதே. டீச்சரம்மா தையல் நமக்குத் தெரியாதா? தெச்சா கைவேலைதாம்மா. கொண்டுபோயி அந்தக் கொட்டாயில வை."

அத்தை, நானும் குனிந்து பார்த்தேன். மற்றதெல்லாம் பசையில் நிற்க, மேகத்துக் காய்கள் ஒவ்வொன்றையும் பனைநாரால் ஊசி கொண்டு பலகைத் துளையில் தைத்திருந்தாய். நாற்பது வருடம் உள்ளே விடாத ஊசியை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கடைசிப் படத்திலா விட வேண்டும்? அந்த நிமிடம் உன் மேல் எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். படம் உல்லன் கிளி பக்கத்துக்குப் போனது.

திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். செயலாளர் அவர்களை அழைத்துக்கொண்டு வந்தவர், உன் கடலோரத்து மணலைத் தூசி என்று நினைத்துவிட்டார். "தொடைக்காம வெச்சிக்கிறாங்க பாருங்க" என்றபடி ஈரத்துணியை வாங்கி, மேலேயிருந்து ஆரம்பித்தார்.

அந்த ஈரத்துணியைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது.

எனக்கு ஒன்பது வயதில், நீ தலைக்குக் குளித்துவிட்டு வந்த ஈரக் கொண்டையில் நாலு டப்பாசுக்காய் செருகினேன். நனைந்தால் வெடிக்கும் காய். பஸ்ஸில் கண்டக்டர் உன்னிடம் டிக்கெட் கிழிக்கும்போது டப், டப் என்று வெடித்து, அந்த ஆள் டிக்கெட் கட்டையே கீழே போட்டார். நீ என்னை அடிக்கவில்லை. வெடித்த தோலை முடியிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, "இருடி. உனுக்கு ஒரு நாள் வெக்கிறேன்" என்றாய்.

பசை ஈரம். காய்க்கு ஈரம் ஆகாது. அதனால்தான் ஊசி.

பெரிய ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, "அந்தக் கடைசிப் படத்த மட்டும் ஈரத்துணியால தொடச்சி வைடி" என்று. பசை விட்டுப்போகும், ஈரம் கிட்டே வரக் கூடாது என்று ஆயுசெல்லாம் கத்தியவள் இப்படிச் சொன்னதும், ஜுரம் பேசுகிறது என்று நினைத்து அழுதேன். பிறகும் துடைக்கவில்லை. அதன் மேலிருந்த தூசியில் உன் விரல் தடம் இருந்தது.

எனக்கு வைத்த வேட்டு அது. நாலு மாதமாக எனக்காகக் காத்திருந்தது. கத்தியிருந்தால் அவர் கை நின்றிருக்கும். நான் கத்தவில்லை.

டப். அப்புறம் மேகம் முழுவதும். செயலாளர் கண்ணாடியில் விதை, பெரிய மனிதர்கள் சட்டையில் விதை. மிச்சமெல்லாம் உன் சிப்பிக் கடலின் மேல் சடசடவென்று விழுந்தது. ஓவியக் கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். கூட்டத்தில் ஒரு கிழவர் மட்டும், "அட, மழ பேயுதுபா" என்றார்.

"பாழாப்போச்சி. எட்துகினு போங்க வெளிய" என்றார் செயலாளர்.

எடுத்தேன். ஆனால் வெளியே போகவில்லை. நேராக ஓவியக் கொட்டகைக்குள் போய், ஒரு அருவிக்கும் ஒரு அன்னத்துக்கும் நடுவில் சாய்த்தேன். அருவி வரைந்தவர் கடை போர்டு எழுதும் கன்னியப்பன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் அருவியை இரண்டு சாண் தள்ளி வைத்தார்.

"நல்லா வெய்யி பாப்பா. ரெண்டு வாரமா இந்த அருவிய வரஞ்சேன். ஒரு சொட்டு சத்தம் வந்துச்சா? இதான்யா படம்."

செயலாளர் பின்னாலேயே வந்தார். "யார்ரா வெச்சது? எட்றா இத" என்று கையை நீட்டினார். அந்தக் கையில் இன்னும் ஈரத்துணி இருந்தது.

"மூணு காய் இன்னும் வெடிக்கல சார்" என்றேன்.

கை நின்றது. பெரிய மனிதர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்" என்றார். அவருக்கு முன்னால், படத்தை ஒட்டி நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் விளக்கேற்றும் வரை அங்கேதான் இருந்தோம், நீயும் நானும். பரிசு கிடையாது. அது யாருக்கு வேண்டும்?

ஒன்று மட்டும் தெரியவில்லை. என்னைப் பயமுறுத்தவா ஊசியைத் தொட்டாய்? இல்லை, நான் அழுதுகொண்டே இருப்பேன், ஒரு தடவையாவது சிரிக்கட்டும் என்றா? நான் சிரித்தேன், அத்தை. வண்டியில் திரும்பும்போது, ஏரி தாண்டும் வரைக்கும். அப்புறம் அப்பா துண்டைக் கொடுத்தார்.

உன் அறையைக் காலி பண்ணிச் சாமான் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை. படத்தைச் சன்னல் பக்கம் வைக்காதே, சாரல் அடிக்கும் என்கிறார்.

அந்த மூன்று காயை நான் தொடமாட்டேன். மழை முடிந்ததும் புதுக் காய் உதிரும். பறிக்காமல், உதிர்ந்ததை மட்டும் பொறுக்கி, உன் ஊசியாலேயே மேகம் முழுக்கத் தைப்பேன். அடுத்த பொருட்காட்சிக்கு அதை நேராக ஓவியக் கொட்டகைக்குத்தான் தூக்கிக்கொண்டு போவேன். இடமில்லை என்றால் வாசலில் உட்காருவேன். இந்தத் தடவை தண்ணீர்ச் சொம்பும் நானே கொண்டுபோவேன்.

உன் ஈரக் கொண்டையின் பரம எதிரி,
உன் அண்ணன் மகள்,
வள்ளி