சர்வரைத் துடைத்த வாரம்

11-10-99
மில் சர்வரில் லினக்ஸ் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. போட்டுக்கொடுத்த சுந்தரபாண்டியன் சென்னைக்குப் போனபின், பொறுப்பில் இருக்கும் நான் அதைத் தொடவே இல்லை. சோம்பல் அல்ல, பயம். இப்போது 2000 பிறந்தால் கம்ப்யூட்டரில் தேதி குழம்பிவிடும் என்று மேனேஜர் வைகுண்டராஜ் சார் பிடுங்கி எடுக்கிறார். நூல் சோதனை முடிவுகள் மொத்தமும் அதற்குள்தான். அது போனால் வெளிநாட்டு ஆர்டரும் போச்சு.

13-10-99
இருப்பதையே படிப்படியாகப் புதுப்பிக்கலாம் என்றேன். மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் தனுஷ்கோடி சிரித்தார். "ஒண்ண மாத்துனா ஒம்போது உடையும் மேடம். மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா போட்ருவோம்." ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்ட எனக்கும் பொறுமை இல்லை. சரி என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்?

16-10-99
எல்லாவற்றையும் டேப்பில் நகல் எடுத்தாயிற்று. ஒரே டேப்.

18-10-99
ஆயுத பூஜை. பிட்டர் மலைச்சாமி அண்ணன் ஸ்பேனர், ஆயில் கேன் எல்லாம் அடுக்கிவிட்டு, "ஏம்மா, உங்க ஆயுதம் எது? கொண்டாங்க" என்றார். ஆறு வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. டேப்பைக் கொடுத்தேன். வேதக்கார வீட்டுப் பெண்தான், சர்ச்சுக்குப் போகிறவள், ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

20-10-99
தனுஷ்கோடி டிஸ்க்கை அழித்துப் புதிதாகப் போட்டார். பிறகு டேப்பைச் செருகினால், நாடா சிக்கி அறுந்துபோயிற்று. உள்ளே சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடக்கிறது. மூடியைத் திறந்து நாடாவிலேயே பூசியிருக்கிறார் அண்ணன். அழிக்கச் சொல்லும் முன் நான் டேப்பை ஒருதடவை ஓட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? என்ன செய்யப்போறேன் —

21-10-99
"டேப்புல கைவச்சது யாரு?" என்றார் வைகுண்டராஜ் சார். மலைச்சாமி அண்ணன் முன்னால் வந்தார். "நான்தான்யா பொட்டு வச்சேன். அத மட்டும் வெறுமனே விடக்கூடாதுல்ல." அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கொடுத்தது நான் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

22-10-99
காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, மில் இருக்கும் ராஜபாளையத்தில் இறங்காமல் செட்டியார்பட்டி வரை போய்த் திரும்பினேன்.

23-10-99
சொல்லிவிட்டேன். டேப்பைக் கொடுத்தது நான், சோதிக்காமல் அழிக்கச் சொன்னதும் நான். "போனதை நீங்களே திரும்ப ஏத்தித் தரணும்" என்றார் சார்.

1-11-99
லேபின் பழைய சோதனைச் சீட்டுகள் எடைக்குப் போடாமல் குடோனில் மூட்டையாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்கிறேன். முடியப் பொங்கல் ஆகிவிடும். மலைச்சாமி அண்ணனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இன்று அவரே ஒரு மூட்டையைத் தூக்கிவந்து என் மேஜையோரம் வைத்தார்.

"இன்னும் ரெண்டு கிடக்கு மேடம்" என்றார்.

அண்ணன் என்னை மேடம் என்று கூப்பிட்டதே இல்லை.