இறங்குகிற கூட்டத்தை நம்பிப் போட்ட கடை

இராமேஸ்வரம்
திங்கள்கிழமை

அன்பு மகன் அம்மாருக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உன் உம்மாவும் மருமகள் நஸீஹாவும் பேத்தி யும்னாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், தோஹாவில் நீ சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் வீடே கூடி நின்று கேட்கிறது, இதை அவர்கள் காதில் போட எனக்குத் தைரியம் இல்லை, அதனால் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிற ஹசன் அலி கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஸ்டேஷனுக்குள் போட்ட டீக்கடை ஓடவில்லை. நாலு மாதமாக நன்றாக ஓடுகிறது என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். ரோட்டோரம் இருந்த நம் பழைய கடையை விட்டுக்கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் ஸ்டேஷன் வாசலில் நின்று ரயிலை விட்டு இறங்குகிற தலைகளை எண்ணினேன், இத்தனை பேரில் பத்தில் ஒருவர் டீ குடித்தாலும் போதுமே என்று நினைத்தேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தீர்த்தமாடி சாமி கும்பிடுகிற வரை வாயில் எதுவும் போடமாட்டார்கள் என்பது இந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், எனக்குத்தான் மறந்துபோனது. வடையைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். திரும்பும்போது கோவில் பக்கமே சாப்பிட்டு, பை நிறைய வாங்கிக்கொண்டு, வண்டி கிளம்புகிற நேரத்துக்கு ஓடி வருகிறார்கள். காலையில் மதுரை வண்டிக்கு வருகிற வாத்தியார்களும் ஆபீஸ்காரர்களும் வீட்டு டிபனோடு வருகிறார்கள். உள்ளூர்க்காரர்களாவது வருவார்கள் என்று, பழைய கடையில் தினம் மூன்று டீ குடித்த ஆட்டோ முனியசாமியை நானே போய்க் கூப்பிட்டேன். டீ குடிக்க பிளாட்பாரம் டிக்கெட் எடுக்கணுமாண்ணே, நீங்க இங்கன வாங்க, நான் வாங்கித் தாரேன் என்றான். நம் பழைய இடத்திலேயே, வேறு ஒருவர் போட்ட டீயை வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டு வந்தேன்.

உன்னை வரச் சொன்னது நான்தான். கடையை இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்று சொல்லிச் சொல்லியே வேலையை விடவைத்தேன். நோட்டீஸ் முடிய இன்னும் பன்னிரண்டு நாள்தான் என்று நீ சந்தோஷமாகச் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மேனேஜரைப் பார்த்து, அவசரப்பட்டுவிட்டேன் என்று சொல்லி, எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள். கௌரவம் பார்க்காதே, நான் பார்த்தது போதும். மூன்று வருடமாக எப்போது வருவாய் என்று கேட்ட வாயால் வராதே என்கிறேன், எந்தத் தகப்பனுக்கும் இந்த நிலை வரக்கூடாது. இன்னொரு கடை போட எனக்குத் தெம்பில்லை, இந்தக் கடை இன்னும் எத்தனை நாளைக்கு என்றும் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் வெறும் தலையோடு நிற்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்றை மறந்துவிடாதே, நஸீஹாவிடம் இதை நீதான் சொல்ல வேண்டும். நேற்று உன் சட்டைகளையெல்லாம் எடுத்துத் துவைத்து, அலமாரியில் மடித்து வைத்தாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இப்படிக்கு உன் வாப்பா
வாவு முகம்மது