சொன்னார், கூறினார், உத்தரவிட்டார்

ஜூன் 9, திங்கள்

தூக்கம் வரவில்லை. எழுதினாலாவது வருமா பார்க்கிறேன்.

காலை பத்தேகாலுக்கு தகடு வெட்டும் மூன்றாம் பிரஸ் மெஷினில் சுப்பராயன் அண்ணனின் வலது கை மாட்டிக்கொண்டது. நான்கு விரல்கள் போய்விட்டன. கட்டைவிரல் மட்டும் மிச்சம். கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வந்த இந்த ஆறு வருடத்தில் இவ்வளவு ரத்தத்தைப் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்ததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். ஒன்பது மணிக்கு வருகைத்தாளில் கையெழுத்து வாங்க அங்கே போயிருந்தேன். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அது சும்மா சும்மா நிறுத்துகிறது என்று அண்ணன் சொன்னார். சூப்பர்வைசர் மணவாளன், "அத்த ஆஃப் பண்ணிட்டு ஓட்டுய்யா, லோடு போவணும்" என்றார். அண்ணன் தயங்கினார். "ஓட்டுன்னு சொல்றேன்ல."

இரண்டடி தள்ளி நான் நின்றிருந்தேன். மணவாளன் என்னைப் பார்த்தாரா?

ஜூன் 10, செவ்வாய்

பார்த்திருக்கிறார். கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். டீ முடிகிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 11, புதன்

மேனேஜர் துளசிராமன் கூப்பிட்டார். ஆபீசில் தமிழ் பி.ஏ. படித்தவள் நான் ஒருத்திதான், தமிழ் டைப்பும் என் வேலை. ஆஸ்பத்திரியில் அண்ணன் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். அதை ஒழுங்காக அடித்துத் தர வேண்டும். தலைப்பு: காயமடைந்தவரின் கூற்று.

'சென்சாரை அணைத்துவிட்டு ஓட்டும்படி மணவாளன் உத்தரவிட்டார்' என்று அடித்தேன்.

"உத்தரவா? மாத்தும்மா."

'சொன்னார்' என்று மாற்றினேன். உதட்டைப் பிதுக்கினார். 'கூறினார்.' அதுவும் வேண்டாம். கடைசியில் அவரே சொல்லச் சொல்ல அடித்தேன்: 'சென்சார் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு நானாகவே அதை அணைத்துவிட்டு ஓட்டினேன்.'

"எல்லாம் ஒரே அர்த்தம்தானே. தமிழ் படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா?"

ஒரே அர்த்தமா? பேசுவதென்றால் இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது. உத்தரவில் வாய் ஒருவருக்கு, கை இன்னொருவருக்கு. இதை அவரிடம் நான் சொல்லவில்லை. அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 12, வியாழன்

கல்லூரியில் வாங்கிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். எதற்கு எடுத்தேன்? செய்தது சரி என்று அதில் எழுதியிருக்குமா? கூற்று — சொல், பேச்சு, மொழி, உரை. அதற்குக் கீழே இன்னொரு பொருள்: எமன். படித்த காலத்திலேயே தெரிந்ததுதான். நேற்று அதைத்தான் தலைப்பாக அடித்துக் கொடுத்திருக்கிறேன். மூடி வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அன்புவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இதே கம்பெனியில் வேன் ஓட்டுகிறார்.

"உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? நீ ஒண்ணும் கேக்கல, அவ்ளோதான். ரெண்டு பேரு பொழப்பும் அந்த ஒரு கம்பெனி கேட்டுலதான், ஞாபகம் வெச்சிக்கோ."

கோபம் இல்லை. அவருக்கும் பயம்.

ஜூன் 13, வெள்ளி

அன்புவின் வேன் சாவியை மணவாளன் வாங்கி வைத்துக்கொண்டாராம். சாயங்காலம்தான் கொடுத்தாராம். ஏன் என்று இவர் கேட்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

செய்துவிட்டேன். எப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சாட்சிக் கையெழுத்துக்காக துளசிராமன் என்னையும் காரில் சென்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அண்ணன் இடது கட்டைவிரலால் ரேகை வைக்க வேண்டும். அவர் சம்சாரம் முத்தம்மா அக்கா விடவில்லை. "இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சிக் காட்டாம வெக்க மாட்டாரு."

"படிம்மா சுகிர்தா" என்றார் துளசிராமன். அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பெயர், வயது, தேதி எல்லாம் படித்தேன். துணி சுற்றிய கை தலையணைமேல் இருந்தது. அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தாளில் இல்லாததைப் படித்தேன்: 'சென்சாரை அணைத்துவிட்டு ஓட்டும்படி மணவாளன் உத்தரவிட்டார். நான் தயங்கியபோது மறுபடியும் உத்தரவிட்டார்.'

"கரீட்டு பாப்பா. எங்க வெக்கணும்?" என்று இடது கையை நீட்டினார்.

ஐயோ, அவர் வைக்கப் போவது இந்தப் பொய்த் தாளில் அல்லவா? தாளைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அண்ணே, இதுல அப்டி எழுதல. நான் காதால கேட்டதத்தான் சொன்னேன். இதுல வெக்காதீங்க."

துளசிராமன் தாளைப் பிடுங்கிக்கொண்டார். திரும்பும்போது காரில் என்னை ஏற்றவில்லை. சென்ட்ரலிலிருந்து ரயிலில் வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்புவுக்கும் டூட்டி இல்லை.

ஜூன் 19, வியாழன்

முத்தம்மா அக்கா மனு கொடுத்திருக்கிறார். தொழிற்சாலை ஆய்வாளர் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார். அன்பு திட்டுவார் என்று பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து பைக்கை எடுத்தார்.

"போனதுதான் போச்சி. வா, இட்டுக்கினு போறேன்."

வழியெல்லாம் பின்னால் வருகிற வண்டிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். யாரும் பின்தொடரவில்லை. ஆய்வாளர் அறையில் மணவாளனும் உட்கார்ந்திருந்தார். ஆனால் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன் — "ஓட்டுன்னு சொல்றேன்ல" வரைக்கும்.

ஜூலை 14, திங்கள்

அன்பு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், ஜனப்பன்சத்திரத்திலிருந்து பெரியபாளையத்துக்கு. எனக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. கதவைத் தட்டினால் இன்னமும் திடுக்கென்றுதான் இருக்கிறது.

என்னோடு வேலை பார்த்த கல்பனா போன் செய்தாள். மணவாளனைச் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்களாம். பதினொரு பிரஸ்ஸிலும் சென்சாரைச் சரிசெய்து, யாரும் அணைக்க முடியாதபடி பூட்டுப் போட்டுவிட்டார்களாம்.

"சும்மா சும்மா நிக்கிதுக்கா. பீஸு கம்மியாவுது, ஓ.டி. காசும் இல்ல. எல்லாரும் உன்னத்தான் திட்டிக்கினு கீறாங்க."

"நிக்கிதா?"

"காலைலருந்து மூணு வாட்டி நின்னுச்சி. ஒரு வாட்டி பிரஸ்ஸு ஓட்டுற நம்ம பென்னி கைய உள்ள வுட்டுட்டான்."

"பென்னிக்கு இன்னா ஆச்சி?"

"இன்னா ஆவும்? அதான் நின்னுடுச்சே. அவனும் உன்னத் திட்டிட்டு டீ குடிக்கப் போய்ட்டான்."