ஒத்துப்போகாத மீட்டர்கள்

தம்பிக்கு,

இன்று காலை நான் ஏறிய விமானம் ஓடுபாதையில் பாதி தூரம் ஓடிவிட்டு, பறக்காமல் நின்றுவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்சீட்டில் இடித்த முழங்கால் மட்டும் வலிக்கிறது.

இறங்கும்போது விமானி வாசலில் நின்றார். என் வாய் உனக்குத் தெரியுமே. "என்ன சார், கிளம்பின பிறகு மனசு மாறிடுச்சா?" என்றேன். வேகம் காட்டும் மீட்டர்கள் இரண்டும் வேறுவேறு வேகத்தைக் காட்டினவாம்.

"ரெண்டுல ஒண்ணு சரியாத்தானே காட்டியிருக்கும்?" என்றேன்.

"இருக்கும் சார். எதுன்னுதான் தெரியலை."

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பையில், காகிதம் அடுக்க நாம் இருவரும் பார்த்த அந்தக் கிடங்கின் ஒப்பந்தம் இருந்தது. உன்னை விட்டுவிட்டுத் தனியாகக் கையெழுத்துப் போடத்தான் கிளம்பியிருந்தேன்.

கிடங்குச் சுவரில் வைத்தபோது, ஈரம் பார்க்கும் உன் மீட்டர் ஈரம் என்றது, என் மீட்டர் ஈரமில்லை என்றது. கிடங்குக்காரர் எதிரிலேயே, "உன் மீட்டருக்கும் வயசாச்சு, உனக்கும் வயசாச்சுடா" என்று சிரித்தேன். அன்று கடைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவன், இரண்டு மாதமாக நீ வரவில்லை. காகிதம் விற்கிறவன் ஈரம் என்றதைக் கேட்டுச் சிரித்திருக்கக் கூடாது. உன்னைப் பார்த்தும் சிரித்திருக்கக் கூடாது.

வைத்த இடத்திலேயே இருக்கிறது சாவி.

விமான நிலையத்திலிருந்தே கிடங்குக்காரரிடம் பேசினேன். பத்து நாள் பொறுக்கச் சம்மதித்துவிட்டார். புது மீட்டரை நீயே வாங்கு, பத்து நாளும் நீயே வைத்துப் பார். உன் கையெழுத்து இல்லாமல் ஒப்பந்தம் கிடையாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணன்